ஆலைக் குடியிருப்பு அவுட்ரேஜ்

எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் அவளை எல்லோரும் அகராதி என்றுதான் கூப்பிடுவோம். மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பதால் வந்த பட்டம் என்று வெளியாட்கள் நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அது அவள் வேலைக்குச் சேர்ந்த நாலாம் நாளே வந்தது. பழைய இதழ்கள் அடுக்கியிருக்கும் அறையில் அப்போதைய தலைமை உதவியாசிரியர் அவள் இடுப்பில் கை வைத்தார். அவள் கன்னத்தில் அறைந்தாள். அவர் திருப்பி அறைந்தார். மேசையில் கிடந்த இரண்டடி இரும்பு ஸ்கேலை எடுத்து அவள் வீசிய வீச்சில் அவருடைய புருவம் பிளந்தது. ஏழு தையல். "பொம்பளைக்கு இவ்வளவு அகராதி ஆகாது" என்று அவர் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே கத்தியது மாடி முழுக்கக் கேட்டது. அடுத்த மாதம் அவர் வேறு பத்திரிகைக்குப் போய்விட்டார். பெயர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. அவளுக்கு அதில் ஒன்றும் வருத்தமில்லை. "திமிருக்கும் டிக்‌ஷனரிக்கும் ஒரே வார்த்தை வச்சிருக்கான் பாருங்க, நம்மாளு விவரமானவன்" என்பாள்.

நான் அவளுக்கு எதிர் மேசையில் உட்காரும் பிழை திருத்துபவன். அவள் மொழிபெயர்த்ததை ஆங்கில மூலத்தோடு வைத்து வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்ப்பதும் என் வேலைதான். என்னை "புரூப் சார்" என்பாள். பதினெட்டு வருடம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம்.

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. தம்பி வீட்டில் இருந்தாள். தம்பி வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். அகன்ற தோள், முழங்கை வரை நெருப்புப் பொறி தெறித்த சின்னச் சின்னத் தழும்புகள். மூக்கு மேல் கோபம். ஆனால் அக்கா என்றால் உயிர். மழை பெய்தால் அவளைக் கூட்டிப்போக வண்டியோடு வாசலில் நிற்பான். அதற்குக் காரணம் இருந்தது. அவர்களுடைய அப்பா பெல்ட்டால் அடிக்கிற மனிதர். தம்பிக்கு விழ வேண்டியதில் பாதி அக்காவின் முதுகில்தான் விழுந்தது. குறுக்கே போய் விழுவாள். அடித்து ஓய்ந்ததும் அப்பா மூச்சு வாங்கிக்கொண்டே, சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகைத் துண்டைக் காட்டுவாராம். "யாரு ரத்தம்டா நீங்க? தூக்குத் தாத்தா ரத்தம். அந்த ரோஷம் இருக்கணும்."

தூக்குத் தாத்தா என்பது அப்பாவுடைய தாத்தாவுக்குக் கூடப்பிறந்த தம்பி. நூறு வருடத்துக்கு முன்னால் துரைமார் ஆட்சியில் தூக்கில் போடப்பட்டவர். ஆலைத் துரைகளை எதிர்த்துத் தாக்குதல் நடத்தினார், தூக்குமேடையில் முழக்கமிட்டு உயிர்விட்டார் என்பது ஊரறிந்த கதை. அவர்கள் குடியிருந்த தெருவுக்கே தியாகி தெரு என்று பெயர். கண்ணாடிக்குள் இருந்த துண்டில் ஆறே வரி. ஆலைக் குடியிருப்பு அவுட்ரேஜ் வழக்கில் தண்டனை பெற்றவன் நேற்றுக் காலை தூக்கிலிடப்பட்டான், தண்ணீர் கேட்டுக் குடித்தான், ஒன்றும் பேசவில்லை. அவ்வளவுதான். ஒன்றும் பேசவில்லை என்று அச்சில் இருக்க, முழக்கம் எங்கிருந்து வந்தது என்று அகராதி சின்ன வயதில் ஒரு தடவை கேட்டுவிட்டாள். அன்றைக்கு பெல்ட்டின் பக்கிள் பட்டு அவள் காதுமடல் கிழிந்தது.

நூறாவது வருடத்துக்குச் சிலை வைப்பதென்று ஒரு குழு கிளம்பியது. தம்பிதான் செயலாளர். எங்கள் பத்திரிகை அதற்கொரு சிறப்பு மலர் போட முடிவு செய்தது. எங்கள் நிறுவனம் முன்பு ஓர் ஆங்கில நாளிதழும் நடத்தியது. அது நின்றுபோய் அறுபது வருடம். கட்டிவைத்த தொகுதிகள் மட்டும் கீழ்த்தளத்தில் கிடந்தன. தூக்கு நடந்த அந்த வருடத்துச் செய்திகளில் சுவையானவற்றை மொழிபெயர்த்துக் கொடுக்கும்படி ஆசிரியர் அகராதியிடம் சொன்னார். அவளுக்கும் பெருமைதான். சொந்த வீட்டு விஷயம் ஆயிற்றே.

தொகுதிகளைத் தூக்கி வந்து கொடுத்தவர் பைண்டர். ஐம்பத்தைந்து வயது, மெலிந்த மனிதர். கீழ்த்தளத்தில் கிழிந்த தாள்களை ஒட்டித் தைத்துக்கொண்டு தனியாக இருப்பார். அவரோடு யாரும் அதிகம் பழக மாட்டார்கள். தூக்குத் தாத்தாவுக்கு எதிராகச் சாட்சி சொன்னவனின் வம்சம் அவர். ஊரில் அந்த வீட்டுக்குப் பெயரே 'காட்டிக்கொடுத்தான் வீடு'. அகராதியும் அவரிடம் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேசியதில்லை. தம்பிக்குப் பிடிக்காது.

மொழிபெயர்க்க உட்கார்ந்த முதல் நாளே அவள் ஒரு தப்பு செய்தாள். நாலு வரிச் செய்தி. வாய்க்கால் கரையில் புல் அறுக்கப் போன ஒரு பெண்ணை இரண்டு வண்டிக்காரர்கள் 'அவுட்ரேஜ்' செய்தார்கள் என்று மூலத்தில் இருந்தது. இப்போதெல்லாம் அந்தச் சொல்லுக்குக் கொதிப்பு, ஆத்திரம் என்றுதானே அர்த்தம். அவளும் 'ஆத்திரமூட்டினார்கள்' என்று எழுதிவிட்டாள்.

"ஆத்திரமூட்டினதுக்கா பத்து வருஷம் கடுங்காவல்?" என்று நான் கேட்டேன்.

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். அப்புறம் எழுந்து போய்ப் பழைய பெரிய அகராதியை இரண்டு கையாலும் தூக்கி வந்தாள். கால் மணி நேரம் பக்கங்களைப் புரட்டினாள். பிறகு நிமிர்ந்தாள்.

"பலாத்காரம், புரூப் சார். நேரா எழுதக் கூச்சப்பட்டுக்கிட்டு இந்த வார்த்தையப் போட்டு மூடியிருக்கானுங்க."

அதற்குப் பிறகு அந்தச் சொல் கண்ணில் பட்ட இடமெல்லாம் அவள் நின்றாள். துண்டுத் தாளில் குறித்து வைத்தாள். ஓர் அதிகாரியின் குதிரை வண்டி மேல் குண்டு வீசியிருக்கிறார்கள். குதிரையின் குடல் சாலையில் கிடந்தது, வண்டியோட்டிக்கு இரண்டு காலும் போயிற்று. அதுவும் அவுட்ரேஜ். மலைப்பாதையில் கொள்ளைக்காரர்கள் ஒரு கிழவியின் தோட்டைக் கழற்றப் பொறுமையில்லாமல் காதையே அறுத்துக்கொண்டு போனது அவுட்ரேஜ். பகையாளியின் மாடுகளைப் பின்னங்கால் நரம்பை வெட்டி வயலில் விட்டது அவுட்ரேஜ். குடித்துவிட்டுத் தொழுகை இடத்துக்குள் பூட்ஸோடு நுழைந்து விளக்கை உடைத்த சிப்பாய்கள் செய்தது அவுட்ரேஜ். ஒருவன் ஆளுநர் விருந்துக்குத் தொப்பியில்லாமல் வந்ததைக்கூட ஒரு நிருபர் அவுட்ரேஜ் என்று எழுதியிருந்தார். அதைப் படித்து நாங்கள் இருவரும் சிரித்துவிட்டோம்.

"வண்ணான் தாழி மாதிரி ஒரு வார்த்தை. யார் வீட்டு அழுக்கையும் அதுல போடலாம்" என்றாள்.

ஆறாம் நாள் அவள் சிரிக்கவில்லை. தூக்குச் செய்தியிலிருந்து பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போய், வழக்கு விசாரணை வந்த பக்கத்தை எடுத்துவிட்டாள். பக்கத்தின் முழு நீளத்துக்கு இரண்டு பத்தி. அவள் என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

நூற்புப் பிரிவில் வேலை செய்த இருபத்திரண்டு வயதுப் பெண். பெயரைப் பத்திரிகை போடவில்லை. 'ஆலைப் பெண்' என்றுதான் இருந்தது. ஷிப்டு முடிந்து குடியிருப்புக்குத் திரும்பிய வழியில் கழிவுப் பஞ்சுக் கிடங்குக்குள் இழுத்துச் செல்லப்பட்டாள். மருத்துவரின் சாட்சியம் நீளமாக இருந்தது. கழுத்தில் விரல் தடம், மூச்சு முட்டி இறந்திருக்கிறாள். அவளுடைய வலது கையில் மூன்று விரல் முறிந்திருந்தது, எதிர்த்துப் போராடியிருக்கிறாள். பெண்ணின் அண்ணன் தேடிக்கொண்டு போனபோது, கிடங்குக்குப் பின்னாலிருந்த தண்ணீர்த் தொட்டியில் ஒருவன் சட்டையைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தான். அது தூக்குத் தாத்தா. அண்ணன் கூண்டேறி அதைச் சொன்னான். தீர்ப்பில் நீதிபதி அந்தச் சொல்லை மூன்று தடவை சொல்லியிருந்தார்.

அகராதி அதோடு விடவில்லை. அப்படியானால் துரைமார் மேல் நடந்த தாக்குதல்? அதுவும் இருந்தது. அதே வாரத்தில் வேலைநிறுத்தக்காரர்கள் ஆலை வாசலில் இருந்த காவல் அறையைக் கொளுத்தியிருக்கிறார்கள். 'ஆலை அவுட்ரேஜ்' என்று தலைப்பு. பெண்ணின் வழக்குக்கு 'ஆலைக் குடியிருப்பு அவுட்ரேஜ்'. தீ வைத்தவர்கள் பிடிபடவே இல்லை. தீ வைத்த தேதியில் தூக்குத் தாத்தா இரண்டு நாளாகப் போலீஸ் லாக்கப்பில் இருந்தார். அகராதி தேதியை மூன்று முறை விரல் வைத்துப் பார்த்தாள். நாற்பது வருடம் கழித்துத் தியாகிகள் மலர் போட்ட யாரோ ஒருவர், தலைப்பை மட்டும் படித்துவிட்டு இரண்டு அவுட்ரேஜையும் ஒன்றாக்கித் தமிழில் 'தாக்குதல்' என்று எழுதியிருக்கிறார். தெருப்பெயர், பெருமை எல்லாமே அந்த ஒரு வரியிலிருந்து முளைத்தவை.

நான் என் போனில் அந்தப் பக்கங்களைப் படம் எடுத்துக்கொண்டேன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எப்போதும் எடுப்பதுதான்.

அவள் கீழ்த்தளத்துக்குப் போனாள். நானும் கூடப் போனேன். பைண்டர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன முறை?"

அவர் தலையைத் தூக்கவில்லை. "எங்க கொள்ளுத்தாத்தாவோட தங்கச்சி. வீட்ல சின்னத்தைன்னு சொல்லுவோம். ஏன், இப்பத்தான் படிச்சியாம்மா?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"நூறு வருஷமா தெரியும்." அவர் தலைமுடியை விலக்கிக் காட்டினார். நடு மண்டையில் விரல் நீளத்துக்கு முடி முளைக்காத தழும்பு. "எனக்குப் பத்து வயசு. உங்க தெருப் பிள்ளைங்க எறிஞ்ச கல்லு. வருஷா வருஷம் அந்தத் தேதிக்கு எங்க வீட்டு ஓட்டுல கல்லு விழும். எங்கப்பா அன்னைக்கு மட்டும் எங்கள எல்லாம் கட்டிலுக்கு அடியில படுக்க வைப்பாரு."

"நான் எழுதப்போறேன்."

"வேணாம்மா. நீ எழுதுனா முதல்ல என் தலைதான் உருளும்."

"எழுதலன்னா?"

"எழுதலன்னாலும் கல்லு வரும். அது பழகிப்போச்சு." ஊசியைத் தாளில் குத்தி வைத்தார். அப்புறம், "எழுதுறதா இருந்தா அவங்கள 'ஆலைப் பெண்'னு போடாத. ஒருத்தனுக்குத் தங்கச்சின்னாவது போடு" என்றார்.

அன்று சாயங்காலம் அவள் தம்பியிடம் சொல்லிவிட்டாள். மறைத்து எழுதுவது அவளுக்குப் பிடிக்கவில்லை. நடந்ததை மறுநாள் அவளே எனக்குச் சொன்னாள். தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். முதலில் சிரித்தானாம்.

"அந்த வார்த்தைக்குப் பத்து அர்த்தம் இருக்குன்னு போன வாரம் நீதானக்கா சொன்ன? அந்தப் பத்துல நல்லதா ஒண்ணப் பாத்துப் போடேன்."

"பொருந்துறதத்தான்டா போட முடியும். பிடிச்சதப் போட முடியாது."

"யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்ல."

தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தான். தட்டு தெறித்துப்போய், தூக்குத் தாத்தாவின் கண்ணாடிச் சட்டத்துக்குக் கீழே விழுந்தது. அவள் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து அந்தச் சட்டத்துக்கு முன்னால் இழுத்துப் போய் நிறுத்தினான். "மன்னிப்புக் கேளு. தாத்தாகிட்ட மன்னிப்புக் கேளு." அவள் கேட்கவில்லை. அவன் அவள் நெற்றியைச் சுவரில் மோதினான். ஒரு தடவைதான். அடுத்த நொடியே அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதானாம். அப்பாவும் அப்படித்தான் அழுவார், அது அவளுக்குப் புதிதில்லை. மறுநாள் நெற்றி வீங்கித்தான் வேலைக்கு வந்தாள்.

கட்டுரை ஆசிரியர் மேசைக்குப் போனது. ஆசிரியர் நல்ல மனிதர். நல்ல மனிதருக்கு உண்டான பயமும் உண்டு. "பலாத்காரம்னு வேணாம்மா. அட்டூழியம்னு போடு. பொதுவா இருக்கும், யார் மனசும் புண்படாது."

"அட்டூழியம்னா ஊர்ப்பிள்ளைங்க மாங்கா அடிக்கிறதுக்கும் சொல்லலாம் சார். அந்தப் பொண்ணு செத்திருக்கா."

அவள் வெளியே போனதும் அவர் என்னைக் கூப்பிட்டார். பக்கம் கணினியில் வடிவமைத்து முடிந்திருந்தது. "நீங்க புரூப் பாக்கும்போது அந்த ஒரு வார்த்தைய மாத்திடுங்க. அவளுக்குத் தெரிய வேணாம்." நான் மாற்றினேன். எனக்கு வீடு, பிள்ளை, பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தது என்று இப்போது காரணம் சொல்லலாம். அப்போது ஒரு காரணமும் யோசிக்கவில்லை, விரல் தானாக அடித்துவிட்டது. அச்சுக்குப் போகும் முன்னால் அவள் வந்து பார்த்தாள், கண்டுபிடித்தாள், என் கண் முன்னாலேயே பழைய சொல்லைத் திரும்ப அடித்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் மாலை நாலு மணி இருக்கும். மலர் இன்னும் அச்சேறவில்லை. பக்கத்துக்குப் படம் எடுப்பதற்காக அந்தத் தொகுதியை பைண்டர் மேலே எடுத்து வந்திருந்தார். மாடிப்படியில் தடதடவென்று சத்தம். ஆறு பேர். முன்னால் வந்தவன் கையில் ஹாக்கி மட்டை. தம்பி கடைசியில் வந்தான். கையில் பட்டறையில் அறுத்த ஒரு முழ நீள இரும்புக் குழாய்.

"எங்கடா அந்தப் புஸ்தகம்?"

முதலில் கணினிகள் உடைந்தன. தொலைபேசி பறந்து ஆசிரியர் அறையின் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு போனது. நான் மேசைக்கு அடியில் போய்விட்டேன். அங்கிருந்து பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

பைண்டர் தொகுதியை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார். "ஐயா, இது ஒரே பிரதிதான்யா, கிழிச்சிடாதீங்க" என்றார். அந்த நேரத்திலும் தொகுதியைப் பற்றிய கவலை அவருக்கு. ஹாக்கி மட்டை அவர் முழங்காலில் விழுந்தது. அவர் மடங்கி உட்கார்ந்தார், தொகுதியை விடவில்லை. "காட்டிக்கொடுத்த நாயி" என்று யாரோ கத்தினார்கள். அதற்குப் பிறகு எண்ணிக்கை தெரியவில்லை. வயிற்றில் உதைத்தார்கள். தம்பி முன்னால் வந்து குழாயை ஓங்கி அவர் தலையில் அடித்தான். தேங்காய் உடைந்தது போலத்தான் சத்தம். வேறெப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது அடிக்கு ஓங்கியபோது அகராதி பாய்ந்து அவர்மேல் விழுந்து வலது கையை நீட்டித் தடுத்தாள். குழாய் அவள் முன்கையில் விழுந்தது. கை முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் இன்னொரு மூட்டு இருப்பது போல மடங்கியது.

அவள் வலியில் அலறவில்லை. "அவர் செத்துடுவார்டா, விடுடா" என்றுதான் கத்தினாள்.

"அந்தக் கையிலதானே எழுதுனா, போடு" என்றான் மட்டைக்காரன். தம்பி அக்காவைப் பார்த்தான். ஒரு மூச்சு நேரம் நின்றான். நான் நன்றாகப் பார்த்தேன், நின்றான். அப்புறம் இன்னொரு தடவை அதே கையில் அடித்தான்.

தொகுதியைப் பிடுங்கி முற்றத்தில் போட்டுக் கொளுத்தினார்கள். பழைய தாள், நொடியில் பற்றிக்கொண்டது. போலீஸ் வந்தபோது சாம்பல்தான் இருந்தது.

பைண்டர் கண்ணே திறக்கவில்லை. பதினோராம் நாள் இறந்துபோனார்.

அகராதிக்கு முன்கையில் இரண்டு தகடு வைத்தார்கள். நான் மூன்றாம் நாள்தான் துணிந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். கையில் எங்கள் பத்திரிகையும் ஓர் ஆங்கிலப் பத்திரிகையும் இருந்தன. எங்கள் பத்திரிகையில் 'அலுவலகத்தில் அசம்பாவிதம்' என்று ஒற்றைப் பத்தியில் செய்தி. அவள் பல்லைக் கடித்தாள்.

"அசம்பாவிதமா? மண்டைய உடைச்சா அசம்பாவிதமா? யார் எழுதினது?"

"ஆசிரியரே எழுதினார்."

"இங்கிலீஷ்ல என்ன போட்டிருக்கான்? படிங்க."

நான் தயங்கிப் படித்தேன். தியாகியைப் பற்றி வரவிருந்த கட்டுரையால் நகரில் அவுட்ரேஜ் என்று தலைப்பு. மக்களின் ஆத்திரம் என்ற அர்த்தத்தில். பைண்டர் அடிபட்டது எட்டாவது வரியில் இருந்தது.

அவள் திரும்பத் திரும்ப அதைப் படிக்கச் சொன்னாள். "நூறு வருஷத்துல அந்த வார்த்தை யார் பக்கம் போய் நிக்குது பாருங்க, புரூப் சார். அன்னைக்கு அந்தப் பொண்ணுக்கு நடந்தது அவுட்ரேஜ். இன்னைக்கு அடிச்சவனுக்கு வந்த கோவம் அவுட்ரேஜ்." சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.  நான் என் போனை எடுத்து, பக்கங்களின் படம் என்னிடம் இருப்பதைச் சொன்னேன். அவள் திரும்பவில்லை. "மேசைக்கு அடியில இருந்து எது வரைக்கும் தெரிஞ்சுது?" என்று கேட்டாள்.

"எல்லாம் தெரிஞ்சுது."

"அப்ப அதச் சொல்லுங்க."

போலீஸில் முதலில் நான் ஒன்றும் பார்க்கவில்லை என்று சொல்லியிருந்தேன். அன்று மாலை போய் மாற்றிச் சொன்னேன். ஒரு வாரம் என் வீட்டுக் கதவில் மனித மலம் பூசினார்கள். என் மனைவி கழுவிவிட்டு, "சொன்னது சொன்னதுதான், திரும்பப் போய் மாத்திடாதீங்க" என்றாள்.

அகராதி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போனபோது தம்பி மனைவி வாசலில் நின்றாள். தம்பி அப்போது சிறையில். "என் குடும்பத்துக்குக் கொள்ளி வச்சிட்டு எங்க வர்ற? உன்ன அக்கா அக்கான்னு உருகுனாரே பாவி மனுஷன்!" என்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளினாள். அகராதி மூன்று படி உருண்டாள். மாவுக்கட்டு விரிசல் விட்டது. துணிமணிகள் பின்னாலேயே வந்து விழுந்தன. பைண்டரின் மனைவியைப் பார்க்கவும் போனாள். அந்த அம்மாள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "உங்க வீட்டு மூஞ்சியே வேணாம் தாயி, போயிடு" என்று சாத்திவிட்டார். அவள் டயர்க் கடை மாடியில் ஒரு அறை எடுத்துக்கொண்டாள்.

விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர். "சொந்தத் தம்பியைக் காட்டிக்கொடுக்க உங்களுக்கு மனம் எப்படி வந்தது?" என்று கேட்டார்.

"காட்டிக்கொடுக்கல. பார்த்ததச் சொல்றேன்" என்றாள். "முதல் அடி பைண்டர் தலையில. ரெண்டாவதும் மூணாவதும் என் கையில. மூணையும் அடிச்சவன் என் தம்பி." சொல்லும்போது அவள் தம்பியைத்தான் பார்த்தாள். அவன் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். அவனுக்குப் பத்து வருடம். மட்டைக்காரனுக்கு ஏழு.

சிறப்பு மலர் வரவேயில்லை. கட்டுரையை, பக்கங்களின் படத்தோடு ஒரு சின்னப் பத்திரிகை வெளியிட்டது. அதில் அவள் அந்தப் பெண்ணை 'ஒருவனுடைய தங்கை' என்று எழுதியிருந்தாள். அப்படியும் சிலையை வைத்தார்கள். வைத்த நாலாம் மாதம் பட்டப்பகலில் பைண்டரின் மகன் ஒரு சம்மட்டியோடு வந்து சிலையின் தலையை மூன்று அடியில் உடைத்துவிட்டு, போலீஸ் வரும்வரை பீடத்திலேயே உட்கார்ந்திருந்தான். யாரும் அவனைத் தொடவில்லை. நகரசபை அதைத் திரும்பக் கட்டவும் இல்லை, தெருப்பெயரை மாற்றவும் இல்லை.

அகராதி இடது கையால் எழுதப் பழகிக்கொண்டு வேலைக்கு வந்தாள். வலது கை விரல்கள் முழுதாக மடங்காது. மழை நாளில் வலி உயிரை எடுக்கும். அப்போது அவள் வாயிலிருந்து வருகிற சொற்கள் எந்த அகராதியிலும் இல்லாதவை.

ஒரு வருடம் கழித்துச் சிறையிலிருந்து தம்பி பார்க்க வரச்சொன்னான். என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இளைத்துப்போய் நின்றான். "அந்தக் கேஸு பேப்பர நான் படிச்சதே இல்லக்கா. எல்லாரும் சொன்னதுதான். நீ படி, நான் கேக்குறேன்."

அவள் கட்டுரையை எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள். மருத்துவர் சொன்னது வந்தது. முறிந்த மூன்று விரல் வந்தது. "போதும், நிறுத்து" என்றான். அவள் நிறுத்தவில்லை. அவன் வலையைக் குத்தினான். மறுபடி குத்தினான், முட்டியில் ரத்தம் வந்தது. "நிறுத்துக்கா!" காவலர்கள் இரண்டு பேர் அவனைத் தோளைப் பிடித்து இழுத்துப் போனார்கள். கதவு சாத்தும் வரை அவள் குரலை உயர்த்திப் படித்துக்கொண்டே இருந்தாள். கதவு சாத்தியபிறகும் மிச்சம் இருந்த நாலு வரியைப் படித்து முடித்தாள். சுற்றியிருந்தவர்கள் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

அடுத்த மாதம் போனபோது அவன் அவளைப் பார்க்க வர மறுத்துவிட்டான். அதற்கடுத்த மாதமும் அப்படியே. மூன்றாம் மாதம் வந்தான்.  மணி அடிக்கப் போகிற நேரத்தில்தான் கேட்டான்.

"கை எப்படிக்கா இருக்கு?"

"பாதி மடங்குது."

"பைண்டர் மகனுக்குக் கேஸு என்னாச்சு?"

"ஆறு மாசம். போன வாரம் வெளிய வந்துட்டான்."

அவன் தலையாட்டினான். "அவங்க வீட்ல என்ன கேட்டாலும் செஞ்சு குடு. என் பேரச் சொல்லாத."

"என்கிட்டயே பேச மாட்டாங்கடா" என்றாள் அகராதி. "கதவச் சாத்திட்டாங்க."

"திரும்பப் போயேன்" என்றான் தம்பி.

அவள் மறு வாரம் போனாள். கதவு திறக்கவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு தடவை போய் வந்தாள் என்று தெரியும்.